இறங்கத் தெரியுமா?

ஒரு வயதுக் குழந்தைக்கு ஏறி ஓட்டும் வண்டி ஒன்று வாங்குவது அத்தனை பெரிய காரியமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்களுக்கு அது மூன்று மாத வேலையாயிற்று. சங்கரன்கோவில் ரத வீதிகளில் தொடங்கித் தென்காசி வழியாக அம்பாசமுத்திரம் வரை அலைந்தோம். நடுவில் நான்கு நாட்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தோம். பக்கத்து வீட்டாரின் மனத்தாங்கலையும் தேடிக்கொண்டோம். இவ்வளவும் பத்து அங்குல உயரமுள்ள ஒரு மரக்குதிரைக்காக.

'நாங்கள்' என்பது கணவனும் மனைவியுமாகிய இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எதை எவர் சொன்னார், எவர் செய்தார் என்று இங்கே பிரித்து எழுதப் போவதில்லை. பிழைகளைப் பங்கு பிரிக்கத் தொடங்கினால் மறுபடியும் பேச்சு நின்றுபோகும்.

மகள் ஓமன் நாட்டில் செவிலியர். மகப்பேற்று விடுப்பு முடிந்து அவள் பணிக்குத் திரும்பியபோது, எட்டு மாதப் பேத்தி எங்களிடம் வந்து சேர்ந்தாள். விசைத்தறிகளின் ஓசை விடியும்வரை ஓயாத தெரு எங்களுடையது. அந்த ஓசையே அவளுக்குத் தாலாட்டாயிற்று. தவழத் தொடங்கியதும் வீடு சிறிதாகிவிட்டது. அடுப்பங்கரைக்கும் கிணற்றடிக்கும் அவள் பின்னால் ஓட எங்கள் முழங்கால்கள் இடங்கொடுக்கவில்லை. எனவே எல்லா வீடுகளிலும் வாங்குவதுபோல வட்டமான 'வாக்கர்' ஒன்றை வாங்கினோம். நடுவே துணியிருக்கை, சுற்றிலும் சக்கரங்கள், முன்னால் கிலுகிலுக்கும் பொம்மைத் தட்டு. அதில் உட்கார்த்தி வைத்த அன்றே கூடத்தை மூன்று முறை சுற்றி வந்தாள். அலைபேசியில் மகளுக்குக் காட்டி, "பார், உன் பிள்ளை நடக்கிறாள்!" என்றோம். அவள் நடக்கவில்லை. நடப்பதுபோன்ற ஒரு காட்சியை நாங்கள் விலைகொடுத்து வாங்கியிருந்தோம்.

எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து முற்றத்திற்கு இரண்டு படிகள். அவள் பதினோரு மாதக் குழந்தையாயிருந்த ஒரு காலையில், எங்களில் ஒருவர் பால் பொங்குகிறதென்று உள்ளே திரும்பினார். மற்றவர் செய்தித்தாளில் இருந்தார். சக்கரம் படியின் விளிம்பைத் தாண்டியபோது எழுந்த சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. இடப்புருவத்தின் மேல் நான்கு தையல்கள். மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அதை இனி வீட்டில் வைத்திருக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னார். கடிந்துகொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

மகளிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் அலைபேசியைக் குழந்தையின் வலப்புறமாகவே பிடித்தோம், தூங்குகிறாள் என்றோம், விளக்கு மங்கல் என்றோம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம், பொய் சொல்லாதே என்று முப்பதாண்டுகள் பாடம் நடத்தியவர்கள் நாங்கள்.

அதன் பிறகுதான், வாங்குமுன் படித்திருக்க வேண்டியவற்றைப் படித்தோம். அமெரிக்க நாட்டில் 1990 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில், பதினைந்து மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகள் 2,30,000-க்கும் மேற்பட்டோர் இவ்வண்டியால் காயமுற்று அவசர சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு 2018-இல் கணக்கிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் படிகளில் உருண்டவர்கள். கனடா நாடு 2004-இலேயே இதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. வீட்டில் பழையதாய்க் கிடப்பதை எடுத்து விற்பதும் அங்கே குற்றம். நடை பழக்குவதற்காவது உதவுகிறதா என்றால், அதுவும் இல்லை. உடலின் எடை துணியில் தொங்குகிறது. விரல்நுனி மட்டும் தரையை உந்துகிறது. முன்னாலுள்ள தட்டு மறைப்பதால் குழந்தைக்குத் தன் கால்களே தெரிவதில்லை.

காயம் ஆறிற்று. அச்சம் ஆறவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தவள், நிற்பதையே விட்டுவிட்டாள். சக்கரம் வைத்த எதைக் கண்டாலும், காய்கறி வண்டியைக் கண்டால்கூட, எங்கள் தோளில் முகம் புதைத்தாள். பன்னிரண்டு மாதம் ஆயிற்று, பதின்மூன்று ஆயிற்று. "இன்னுமா நடக்கலை?" என்று தெருவே விசாரித்தது. உலக நலவாழ்வு நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட அட்டவணையை மருத்துவர் எடுத்துக் காட்டினார். துணையின்றி நடக்கத் தொடங்கும் வயது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்து கிடந்தது. எங்கள் நாடும் எங்கள் மகள் வேலை பார்க்கும் நாடும் அந்த ஐந்தில் இருந்தது ஏனோ ஆறுதலாயிருந்தது. ஆனாலும் நாள்காட்டியைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இதற்கிடையில் அந்த வாக்கர் தாழ்வாரத்தில் கிடந்தது. பக்கத்து வீட்டில் தறியோட்டும் குடும்பம். அவர்களுக்கு ஒன்பது மாத ஆண் குழந்தை. அந்தத் தாய் ஒருநாள் படியேறி வந்தாள். "சும்மாத்தானே கெடக்கு, பெரியம்மா. கொடுத்தா எம்பிள்ள நடந்துக்கிடுவான்லா?" என்றாள். எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. நம் குழந்தைக்கு ஆகாதென்று ஒதுக்கிய பொருளைப் பிறர் குழந்தைக்குத் தானமாகக் கொடுப்பது எவ்வளவு எளிது! உதவி செய்தவர் என்ற பெயரும் கிடைத்துவிடும். கொடுக்க மாட்டோம் என்றோம், காரணத்தையும் சொன்னோம். அவள் முகம் மாறியது. அவளுடைய தங்கை வீட்டில் இரண்டு பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்களாம். அன்று மாலையே சக்கரங்களைக் கழற்றி, சட்டத்தை உடைத்துப் பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் போட்டோம். அதை அவள் தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆடித்தபசு வந்தது. அந்நாட்களில் எங்கள் ஊரைக் காணாதவர்களுக்கு அந்தக் கூட்டத்தைச் சொல்லி விளக்க முடியாது. கோமதியம்மன் தவக்காட்சிக்கு வரும் மக்கள் வெள்ளத்தின் இருகரையிலும் வளையல், பலூன், மிட்டாய், பொம்மைக் கடைகள் முளைத்துவிடும். மகள் பணம் அனுப்பியிருந்தாள்: பிள்ளை உட்கார்ந்து ஓட்டும் மின்கலக் கார் ஒன்று, சிவப்பு நிறத்தில் வாங்க வேண்டுமென்று. அங்கே அவளோடு பணிபுரியும் ஒருவரின் குழந்தை அத்தகைய காரில் வலம்வரும் படத்தைப் பார்த்திருக்கிறாள். கடைக்காரர் இருக்கை வாரைக் காட்டினார், பாட்டைப் போட்டார், பிறகு தொலைவிலிருந்து இயக்கும் கருவியை எங்கள் கையில் வைத்தார். "அண்ணாச்சி, பிள்ள உக்காந்தா போதும். மீதிய நீங்க பாத்துக்கிடலாம்" என்றார்.

அந்தச் சொல் எங்களை இரண்டாகப் பிரித்துவிட்டது. வாங்கிவிடலாம் என்றார் ஒருவர். கடல் கடந்து இரவுப்பணி செய்பவள் கேட்கிற ஒரே பொருள் இது. பிள்ளையை இடுப்பில் வைக்க முடியாத தாய், அதைச் சிவப்புக் காரில் வைத்தாவது பார்க்க ஆசைப்படுகிறாள். அதைத் தடுக்க நாம் யார் என்றார். பிள்ளை உட்கார்ந்தால் போதும் என்ற நிலையில்தானே படியிலிருந்து விழுந்தாள் என்றார் மற்றவர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அன்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது யார், பாலைப் பார்க்கப் போனது யார் என்ற கணக்கும் வெளியே வந்தது. அந்த நான்கு நாட்கள் அப்படி வந்தவைதான்.

பேச்சு திரும்பியது ஒரு பழைய நூலின் வழியாக. எங்களில் ஒருவர் தமிழாசிரியர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியவை பத்துப்பாட்டில் இரண்டு. இரண்டிலுமே குழந்தையின் சிறுதேர் வருகிறது. பட்டினப்பாலையில், முற்றத்தில் காயும் உணவைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த பொற்குழை, குழந்தை உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. பள்ளிப்பிள்ளைகள் அனைவரும் அறிந்த காட்சி அது. பெரும்பாணாற்றுப்படையில் வருவதோ பலர் கவனியாது கடப்பது. அங்கே உழவர் வீட்டுக் குழந்தை, தச்சர் செய்த அழகிய தேரை உருட்டித் தளர்நடையில் களைத்துப் போகிறது. அந்தத் தேருக்குப் புலவர் தருகிற அடைமொழி, ஏறிச் செலுத்தப்படாத தேர் என்பது. மன்னர்கள் ஏறும் தேர் ஒன்று. குழந்தை தள்ளும் தேர் வேறொன்று. மாணவர்களுக்கு இதை ஆண்டுதோறும் சொன்னதுண்டு. எங்கள் வீட்டுக் கூடத்திற்கு அதில் செய்தி இருக்கும் என்று எண்ணியதில்லை.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். பிள்ளைத்தமிழ் மரபு சிறுதேரை ஆண்பிள்ளைக்கு வைத்துவிட்டுப் பெண்பிள்ளைக்கு ஊசலைக் கொடுத்தது. ஆணுக்கு ஊர்தி, பெண்ணுக்கு இருந்த இடத்திலேயே ஆட்டம்! கடைத்தெருவில் குதிரை விசாரித்தபோது "பொம்பளப் பிள்ளைக்கா?" என்று கேட்டவர்கள் அந்த மரபைப் படித்தவர்கள் அல்லர், ஆனாலும் அதன் வாரிசுகள்.

தள்ளும் வண்டிதான் நல்லதென்றால் நடைவண்டி வாங்கினால் முடிந்துபோயிற்றே என்று தோன்றலாம். நின்றால்தானே நடைவண்டி? எங்கள் குழந்தை நிற்கவே அஞ்சினாள். உட்காரவும் வேண்டும், தன் காலாலேயே நகரவும் வேண்டும், விழுந்தாலும் அடி பெரிதாகப் படக்கூடாது. இப்படி ஒரு பொருளைத் தேடினோம். முன்னும் பின்னும் ஆடும் குதிரை நின்ற இடத்திலேயே நிற்கும். தவழ்ந்து வரும் வேறொரு குழந்தையின் விரல் அதன் வளைகட்டையில் நசுங்கவும் கூடும். மிதிகட்டை வைத்த மூன்று சக்கர சைக்கிளுக்கு அவள் கால் எட்ட இன்னும் இரண்டு ஆண்டாகும். 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய வண்டி, இன்றைய சைக்கிளின் பாட்டன், மிதிகட்டை இல்லாமல் காலால் தரையை உந்தியே ஓடியது. அந்தப் பெருமகனுக்குப் போதுமாயிருந்தது எங்கள் பேத்திக்கும் போதும் என்று முடிவு செய்தோம்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, குழந்தையை உறவினரிடம் விட்டுவிட்டு அம்பாசமுத்திரம் சென்றோம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது நாங்கள் அங்கே சேர்ந்தோம். அம்பாசமுத்திரம் திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டது. ஆகவே பேத்திக்குக் குதிரை வாங்க மாவட்டம் விட்டு மாவட்டம் போனவர்கள் ஆனோம். அவ்வூர் மரச்சொப்புக்குப் பேர்போனது. அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு என்று ஒரு குடித்தனமே உள்ளங்கையில் அடங்கும். கடைசலில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தின்மேல் வண்ணமாய்ப் படிகிறது. தூரிகைக்கு அங்கே வேலையில்லை. நாங்கள் ஒரு பட்டறையில் அரைமணி நேரம் வந்த வேலையை மறந்து நின்றோம்.

கடைசல்காரர் அறுபதைக் கடந்தவர். குதிரை வேண்டும், காலால் உந்தும்படி, நான்கு சக்கரத்தில் என்றோம். அந்த அமைப்பில் அவரிடம் எதுவும் இல்லை. செய்து தரலாம் என்றார். என்ன வயது, ஆணா பெண்ணா, என்ன நிறம் என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். "பிள்ளைக்குக் கட்டில்ல இருந்து இறங்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும். குப்புறப்படுத்து, பின்பக்கமாக வழுக்கி, காலால் தரையைத் துழாவி இறங்குவாள். இதைச் சொன்னதும் அவர் தலையசைத்தார். ஏறுவதற்கு எல்லாப் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளும். தானாக இறங்க முடியாத சாமானில் பிள்ளையை உட்கார்த்தக் கூடாது என்பது அவர் கணக்கு. வாக்கரிலிருந்து எந்தக் குழந்தையும் தானாக இறங்கியதில்லை. சிவப்புக் காரில் வார்ப்பூட்டை அவிழ்க்க ஒருவர் வேண்டும். எங்கள் நான்கு நாள் சண்டையில் இருவருமே எட்டாத இடம் இது.

பிறகு வேலை எளிதாயிற்று. குழந்தையின் கவட்டிலிருந்து குதிகால்வரை அளந்து குறித்திருந்தோம். இருக்கை அதைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் இரு பாதமும் முழுதாகத் தரையில் படியும், முழங்கால் சற்றே மடங்கும் என்றார். பின்சக்கரங்களை அகலத் தள்ளி வைத்தால் பின்புறம் சாய்ந்தாலும் கவிழாது. அச்சாணி வெளியே நீட்டக்கூடாது. குதிரையின் காது உடைந்து வாய்க்குள் போகும்படி மெல்லியதாயிருக்கக் கூடாது. வண்ணத்தைப் பற்றி நாங்கள் துருவித் துருவிக் கேட்டோம். வீட்டுக்கு அடிக்கும் வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்று 2016-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அரக்கு இயற்கைப் பொருள்தான். அதில் கலக்கும் நிறம் எங்கிருந்து வருகிறதென்று எவருக்குத் தெரியும்? அவர் கொஞ்சம் புண்பட்டார் என்று நினைக்கிறோம். "அப்பன்னா நிறமே வேண்டாம், மரமாவே இருக்கட்டும்" என்றார். அதுவே நல்லதென்று பட்டது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு இந்தியத் தர முத்திரை வேண்டும் என்ற ஆணை 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு. பட்டறைப் பொருளில் முத்திரையைத் தேடிப் பயனில்லை. நம் கண்ணும் விரலும்தான் சோதனைச்சாலை. பத்து நாள் கழித்துக் குதிரையை வாங்கப் போனபோது, அதன் உடம்பு முழுவதும் ஒரு பழைய பட்டுத்துணியால் தேய்த்துப் பார்த்தோம். எங்கும் நூல் சிக்கவில்லை.

அன்றே ஒரு நடைவண்டியும் வாங்கினோம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு.

குதிரையைக் கூடத்தில் வைத்தோம். முற்றத்துப் படிக்கு அதற்குமுன்பே மரத்தடுப்புப் போட்டாயிற்று. பேத்தி அதன் அருகே வரவில்லை. ஏறு என்று நாங்களும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் தவழ்ந்து வந்து சக்கரத்தை விரலால் சுழற்றினாள். ஐந்தாம் நாள் இருக்கையின்மேல் குப்புறப்படுத்தாள், உடனே இறங்கினாள், மறுபடியும் படுத்தாள், மறுபடியும் இறங்கினாள். ஒரு காலைப்பொழுது முழுவதும் இறங்கிக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் ஒரு மாலையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி ஓர் உந்து உந்தினாள். குதிரை பின்னோக்கிப் போயிற்று! முன்னோக்கிப் போக இன்னும் இரண்டு நாள் ஆனது.

புரட்டாசியில், பதினாறு மாதம் முடிந்து சில நாட்களில், அவள் குதிரையிலிருந்து இறங்கினாள். அதன் கழுத்தைப் பிடித்து எழுந்தாள். இருக்கையில் இரண்டு உருளைக்கிழங்குகளையும் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் ஏற்றினாள். பின்னால் போய் நின்று தள்ளிக்கொண்டு அடுப்பங்கரைக்கு நடந்தாள். அன்று மாலை மகளிடம் அலைபேசியில் காட்டியபோது, குழந்தை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. இடமும் வலமுமாகத் திரும்பினாள். "புருவத்துல என்ன தழும்பு?" என்றாள் மகள்.

சொன்னோம். வாக்கர், படி, தையல், விளக்கு மங்கல் என்று சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னோம். நெடுநேரம் அவள் பேசவில்லை. செவிலியர் அல்லவா, "எத்தனை தையல்?" என்று கேட்டாள், மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாளா என்று கேட்டாள். பிறகு, "கார் வாங்க அனுப்பின பணத்துல இனிமே எதுவும் வாங்காதீங்க" என்று அழைப்பைத் துண்டித்தாள். மறுநாள் அவளே அழைத்தாள். முந்தைய நாளின் பேச்சை இருபுறத்தாரும் எடுக்கவில்லை. டிசம்பரில் விடுப்பில் வருகிறாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நடைவண்டியைத் தெருவில் கடகடவென்று தள்ளிக்கொண்டு போகிறான். எங்கள் பேத்திக்கு இப்போது அந்த வண்டிதான் வேண்டும். அவனுக்கோ இந்தக் குதிரைமேல் ஏற வேண்டும். நாள்தோறும் மாலையில் இரண்டு வாசலுக்கும் நடுவே பண்டமாற்று நடக்கிறது. அவனுடைய தாய் குழாயடியில் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி: "நல்லா இருந்த சாமான ஒடச்சுப் போட்டுட்டாவ." எங்கள் வீட்டுப் படி ஏறி அவள் இன்னும் வரவில்லை.